தேர் பார்த்ததும் போன தலைவலி

அக்காவைச் சத்திரத்துக் கூடத்தில் பாய் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி அக்காவின் கையைத் தூக்கித் தூக்கி வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"நகத்தப் பாரும்மா, மருதாணி வெச்ச மாதிரி செவந்து கெடக்குது. உதட்டப் பாரு. செத்த மொகமா இது? அம்மன் மாதிரி இருக்குது."

"தேர் அன்னிக்கு, மலையடியில, வெரதத்தோட உசுரு போவணும்னா சும்மாவா? கொடுத்து வெச்சவ."

வெளியே மழை விட்டுத் தூறல் மட்டும் இருந்தது. பெரிய தேர் தெருமுனையைத் தாண்டிப் போயிருந்தது. வடம் இழுக்கிறவர்களின் கூச்சல் தூரத்தில் கேட்டது. கூடத்தில் சாம்பிராணி, சாம்பார், ஈரச்சேலை எல்லாம் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் சாம்பிராணி போட்ட வீட்டில் நான் உட்காரமாட்டேன்.

நான் நர்ஸ். அந்தச் சிவப்பு என்ன என்று எனக்குத் தெரியும். ஜெனரேட்டர் புகையில் இருக்கிற விஷ வாயு ரத்தத்தில் ஏறினால் நகமும் உதடும் அப்படிச் சிவப்பதுண்டு. அதை அங்கேயே சொன்னேன். கத்தியே சொன்னேன்.

அக்காவின் புருஷன் கோதண்டம் மாமா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"பொணத்த வெச்சினு இன்னா பேச்சு பேசற சுமதி? வாய மூடு. அவளுக்கு நல்ல சாவு வந்திருக்குது. அதக் கெடுக்காத."

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் எதையெதையோ எழுதினேன். பிரசவ வார்டு, பஸ் சண்டை, என் கல்யாணம் நின்றுபோன கதை. வசந்தா அக்கா செத்த கதையை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுத உட்கார்ந்தால் கோபம் வரும் என்று தெரியும். வந்துவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

ஊரே வாசலில் வைத்திருந்தது

நாள்தோறும் மணிக்கணக்கில் கரண்ட் போன காலம் பலருக்கும் நினைவிருக்கும். திருவண்ணாமலையில் அப்போது கடைக்குக் கடை நடைபாதையில் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் நிற்கும். கயிற்றைச் சுண்டி இழுத்தால் கிளம்பும் சின்ன மெஷின். கோயிலைச் சுற்றி நான்கு வீதியிலும் அது கத்தும். வெளியூர்க்காரர்கள் அண்ணாமலையாரை வலம் வந்ததைவிட ஜெனரேட்டர்களை வலம் வந்ததுதான் ஜாஸ்தி.

அந்தக் காலத்தில் நான் டவுனிலேயே ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தேன். எதிரே செல்போன் கடை. கடைக்காரப் பையன் நல்லவன்தான். ஆனால் மெஷின் ஓட ஓட, ஜூஸ் பாட்டிலில் வாங்கி வைத்த பெட்ரோலை டேங்கில் ஊற்றுவான். "நிறுத்திட்டு, ஆறட்டும், அப்புறம் ஊத்துப்பா" என்று நானும் தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்தேன். "நிறுத்தினா கஸ்டமர் போயிடுவாங்க சிஸ்டர்" என்பான்.

ஒருநாள் சிந்திய பெட்ரோல் சூட்டில் பற்றிக்கொண்டது. புருவம் போய், கைத்தோல் உரிந்து எங்களிடமே வந்தான். கட்டுப் போடும்போது அவன் கேட்டது, "பௌர்ணமிக்குக் கட தொறந்துடலாமா சிஸ்டர்?" என்பதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நினைத்தால் வரவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு நல்லது இருந்தது. எல்லா மெஷினும் வெளியே, தெருவில் நின்றது. காது கிழிந்தது, கண் எரிந்தது, திட்டினோம். ஆனால் புகை காற்றோடு போயிற்று. அப்புறம் மின்வெட்டு கம்மியாயிற்று. மெஷின்கள் கொட்டகைக்குள்ளும் மாடிப்படிக்குக் கீழேயும் போயின. என்றைக்காவது விசேஷத்துக்கு மட்டும் வெளியே வந்தன. சத்தம் கேட்டுப் பழகியிருந்த ஜனங்களுக்கு இப்போது அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. கதவைச் சாத்தி ஓட்டுகிற பழக்கம் அப்படித்தான் வந்தது.

எலுமிச்சம்பழம் சரியாக இருந்தது

அக்கா வீடு மாட வீதிக்கு ஒரு தெரு தள்ளி. அந்தத் தெருக்காரர்கள் வருஷா வருஷம் கார்த்திகைத் தேர் அன்று தங்கள் சத்திரத்தில் அன்னதானம் போடுவார்கள். கமிட்டிக்குச் செயலாளர் மாமா. இரும்புக்கடை வைத்திருப்பவர் என்பதால் மெஷின் விஷயமெல்லாம் அவர் பொறுப்பு.

தேர் அன்றைக்கு, தேர் ஓடும் பக்கமெல்லாம் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். தேர் உயரம் அப்படி. கம்பி உரசினால் சாவு என்று பால்குடி மறக்காத பிள்ளைக்கும் எங்கள் ஊரில் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற கம்பிக்கு அவ்வளவு ஜாக்கிரதை. அதனால் சமையல்கட்டு விளக்கு, மிக்ஸி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் கமிட்டி ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கியது. சக்கரம் வைத்தது, தள்ளிக்கொண்டு போகலாம்.

அது வந்த நாள் நானும் இருந்தேன். பெட்ரோல் டேங்கின்மேல் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு வீடு, வீட்டுக்குள் மெஷின், அதன்மேல் பெரிதாகப் பெருக்கல் குறி. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று போட்ட படம். மாமா அதன்மேல் சந்தனத்தை வழித்துத் தடவினார். சந்தனத்தின்மேல் குங்குமம், குங்குமத்தின்மேல் சாமந்திப்பூ. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த இடத்திலேயே தடவித் தடவி, படம் இருந்த சுவடே தெரியவில்லை.

சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அது மட்டும் மிகச் சரியாக, சக்கரத்துக்கு நடுவில் இருக்கிறதா என்று மாமா குனிந்து பார்த்தார்.

மாமா கெட்டவர் இல்லை. இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும். அக்காவை ஒருநாள் கை நீட்டி அடித்ததில்லை. அவள் இரண்டு தும்மல் போட்டால் மிளகுக் கஷாயத்தோடு நிற்பார். என் அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது அவரைக் குளிப்பாட்டியது இந்த மாமாதான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

காதில் பஞ்சு

இனி சொல்வது, பாதி நான் கண்டது, பாதி செல்வி சொன்னது. செல்வி, அக்கா வீட்டுக்கு எதிர்வீடு. அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ வந்தவள். அக்காவோடு ஒட்டிக்கொண்டவள்.

மற்ற வருஷங்களில் மெஷின் சத்திர வாசலில்தான் நிற்கும். அந்த வருஷம் விடியற்காலையிலிருந்தே மழை. வாசலில் பந்தல் போட்டுப் பெண்கள் பாட உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் சத்தத்தில் பாட்டுக் கேட்கவில்லை என்று அவர்களுக்குக் குறை. மாமா இரண்டு ஆட்களை வைத்து மெஷினை உள்ளே தள்ளினார்.

சத்திரத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் கூடம், பின்னால் சமையல்கட்டு. சமையல்கட்டை ஒட்டி, கூரை போட்ட ஒரு குறுகலான நடை. நடையின் ஒரு பக்கம் அரிசி மூட்டை அடுக்கும் சின்ன அறை. அதற்குக் கம்பிக் கதவுதான். நடையின் கோடியில் பின்வாசல். மெஷினை அந்த நடையில் வைத்தார்கள். சாரல் அடிக்கிறது என்று பின்வாசல் கதவைச் சாத்தினார்கள். சத்தம் வருகிறது என்று சமையல்கட்டுப் பக்கத்துக் கதவையும் சாத்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டிலிருந்த பெண்கள் பெட்ரோல் நாற்றம் தாங்கவில்லை என்றார்கள். மாமா ஒரு தட்டில் தணலைப் போட்டு, சாம்பிராணி தூவி, நடையில் கொண்டுபோய் வைத்தார். நாற்றம் போயிற்று. எல்லோருக்கும் நிம்மதி.

கொல்லுகிற வாயுவுக்கு வாசனையே கிடையாது. கார்பன் மோனாக்சைடு என்று அதற்குப் பெயர். நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. தலை வலிக்கும், வயிற்றைப் பிரட்டும், கால் தளரும், தூக்கம் வரும். அவ்வளவுதான். பாவம், அவர்கள் மூக்கை நம்பினார்கள்.

எல்லோருக்கும் தலைவலி. செல்விக்கு விண்விண்ணென்று வலித்ததாம். ராத்தூக்கம் இல்லாததால் என்றாள் ஒருத்தி. அடுப்புப் புகை என்றாள் இன்னொருத்தி. விரதம் இருப்பவர்கள் விரதம் என்றார்கள். அக்கா, பெரிய தேர் நிலைக்கு வந்து சேரும்வரை பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருப்பாள். அது அவள் பல வருஷமாகப் பிடித்த பிடிவாதம்.

சாமான் எடுத்துவர நடைக்குள் போய்ப்போய் வந்தது அக்காதான். அரிசி அறைச் சாவி அவள் இடுப்பில். ஒரு தடவை பருப்பு எடுக்கப் போனவள் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். செல்வி ஓடினாள், மாமா ஓடினார்.

"பட்டினியில மயக்கம் வந்துட்டுது. வெல்லத்தண்ணி கொஞ்சம் குடிடி."

"தேர் நெலைக்கு வரட்டும்."

"அது வர சாயங்காலம் தாண்டுமே."

"செத்த படுத்தா சரியாப் போவும். நீங்க போய்ப் பந்தியப் பாருங்க."

கூடம் முழுக்கச் சாப்பிடும் ஜனம். சமையல்கட்டுத் தரை ஈரம். வெளியே மழை. ஒரு பொம்பளை கௌரவமாகப் படுக்கக் காய்ந்த இடம் அந்த அரிசி அறை ஒன்றுதான். மாமா சாக்கை மடித்துத் தலைக்கு வைத்தார். மெஷின் சத்தம் தொந்தரவாக இருக்குமே என்று சாமி விளக்குக்கு வைத்திருந்த பஞ்சைக் கிள்ளி அவள் இரண்டு காதிலும் வைத்தார். யாரும் போய் எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடைக் கதவைச் சாத்தினார்.

அந்த நேரம் பார்த்துத் தேர் வருகிறது என்று மேளம் கேட்டது. சமையல்கட்டிலிருந்த எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார்கள். தூறலில் நனைந்துகொண்டே நின்று தேர் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க எல்லோருக்கும் தலைவலி போய்விட்டது.

"அண்ணாமலையார பாத்ததுதான் தெரியும்க்கா, தலவலி இருந்த எடம் தெரில" என்று செல்வி அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியும் எனக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நல்ல காற்றுக்கு வந்ததால் போன தலைவலி அது. வெளியே வராத ஒருத்திக்கு மட்டும் போகவில்லை.

கம்பிக் கதவு

நான் அப்போது கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தேன். அரை நாள் லீவு போட்டு வந்தேன். தீபத் திருவிழா சமயம் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து நடை. கையில் ஒரு பையில் வேகவைத்த மல்லாட்டை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். விரதம் முடிந்ததும் அக்கா சாதத்தைத் தொடமாட்டாள், முதலில் அதைத்தான் உரித்து உரித்துத் தின்பாள். அந்த விஷயத்தில் அவளுக்கு என்னோடு பங்கு போடக்கூட மனசு வராது.

"அக்கா எங்க?"

"உள்ள படுத்துனு இருக்காங்க. மாமா எழுப்ப வாணாம்னு சொல்லியிருக்காரு" என்றாள் செல்வி. நெற்றி நிறையத் திருநீறு, முகமெல்லாம் சந்தோஷம்.

நடைக் கதவைத் திறந்தேன். முகத்தில் சூடு அடித்தது. குண்டு பல்பு வெளிச்சத்தில் மெஷின் அதிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பின்வாசல் கதவை எட்டி உதைத்தேன். மெஷினை அணைத்தேன். சமையல்கட்டிலிருந்து யாரோ, "தோ, கரண்ட் போச்சு" என்று கத்தினார்கள்.

கம்பிக் கதவுக்கு உள்ளே அக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். செல்வியும் நானும் அவளை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தோம். மழை ஈரத்தில் போட்டு மார்பை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். செல்விதான் கடைசியில் என் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

ஆம்புலன்ஸ் அந்தக் கூட்டத்துக்குள் வர முடியாது. பக்கத்துத் தெரு டாக்டர் ஒருவர் நடந்தே வந்து பார்த்தார். விரதம், வயது, இருதயம் என்றார். ஜெனரேட்டரைப் பற்றிச் சொன்னேன். "இருக்கலாம். வேணும்னா போஸ்ட்மார்ட்டம் பண்ணிப் பாக்கலாம்" என்றார். மாமா எழுந்து நின்று, "அவள அறுக்க வுடமாட்டேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்காவின் மகன் பெங்களூரிலிருந்து வந்தான். படித்தவன், கேட்பான் என்று நினைத்தேன். "சித்தி, அம்மா போயிட்டாங்க. இப்ப இதக் கிளறினா அப்பாவும் போயிடுவாரு. விடுங்க" என்று அழுதான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குத்தான் இன்றுவரை அந்த நியாயம் தொண்டையில் இறங்கவில்லை.

புண்ணியவதி

அடுத்த வருஷமே அந்த அரிசி அறையில் அக்காவின் படத்தை மாட்டிவிட்டார்கள். பட்டுப்புடவையில், பொட்டு பெரிதாக்கி, தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம் வரைந்து. தேர் அன்று பெண்கள் வரிசையாக வந்து படத்திலிருந்து குங்குமம் எடுத்துக்கொள்கிறார்களாம். எனக்கு இப்படி ஒரு சாவு வரவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள்கூட இருக்கிறார்களாம்.

எனக்கு அம்மன் வேண்டாம். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு என்னோடு மல்லுக்கு நின்றவள் வேண்டும். பேத்திக்குத் தலை பின்ன இரண்டு மாதம் பெங்களூர் போய் இருக்கப்போகிறேன் என்று துணிமணி எடுத்து வைத்திருந்தவள் வேண்டும். அவளுக்குச் சாகிற எண்ணமே இல்லை. முக்திக்கு அவசரப்பட்டது மற்றவர்கள்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், என் அக்காவுக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் மெஷின் எதுவானாலும், ஜெனரேட்டரோ, பெயிண்ட் அடிக்கிறவர்கள் கொண்டு வரும் கம்ப்ரெஸரோ, கூரைக்குக் கீழே ஓடக்கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்தேன், மின்விசிறி போட்டேன் என்பதெல்லாம் கதை. வீட்டை விட்டு நல்ல தூரத்தில், புகை போகும் வாய் வாசலையும் ஜன்னலையும் பார்க்காமல் நிற்கவேண்டும். மழை என்றால் மெஷினுக்கு மேல் மட்டும் மறைப்பு, நான்கு பக்கமும் திறந்து. மெஷின் ஓடுகிற இடத்தில் ஒருவருக்குத் தலை சுற்றினால் வெல்லத்தண்ணீரைத் தேடாதீர்கள். முதலில் எல்லோரையும் வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். விரதமா, பித்தமா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

போன வருஷத் தேர்

அக்கா போனபிறகு தேருக்கு நான் போவதில்லை. மெஷினை எப்போதோ வெளியே வைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு உயிரே போயிருக்கிறது, வேறு எப்படி நினைப்பது? போன வருஷம் தேர் அன்று காலையில் செல்வி போன் செய்தாள். அக்கா இருந்த விரதத்தை அவள் பெயரில் தானும் எடுத்திருப்பதாகச் சொன்னாள். அரிசி அறைச் சாவியும் இப்போது தன்னிடம்தானாம்.

"எத்தினி மணிக்குத் தேர் வரும்னு தெரிலக்கா. இப்பவே தல வலிக்குது."

"செல்வி, மெஷின் எங்க ஓடுது?"

"நடையிலதான்க்கா. எப்பவும் அங்கதானே வெக்கிறாரு மாமா."

"மழையா அங்க?"

"விடாம பெய்யுது. கதவெல்லாம் சாத்தியிருக்குது."

அவளை உடனே எழுந்து தெருவுக்குப் போகச் சொன்னேன். மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவள், "அடுப்புல சாம்பார் கொதிக்குதுக்கா" என்றாள். நான் கத்திய கத்தலில் வார்டில் இருந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். டூட்டியை இன்னொருத்தியிடம் ஒப்படைத்து, ஒரு ஆட்டோவைப் பிடித்து, மீதி தூரம் ஓடினேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான்.

செல்வி வாசல் பந்தலில் கரண்டியோடு நின்றிருந்தாள். மற்றப் பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். உயிரோடு அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடைக்குப் போனேன். இரண்டு கதவையும் விரியத் திறந்தேன். மாமா பின்னாலேயே வந்தார். ரொம்ப மெலிந்திருந்தார்.

"இன்னா சுமதி, தேர் பாக்க வந்தியா?"

"மெஷின வெளிய எடுங்க மாமா."

"மழ பெய்யுது."

"மேல தார்ப்பாய் கட்டிக்கலாம். எடுங்க."

அவர் நகரவில்லை. மெஷின் சத்தத்தில் அவர் முதலில் சொன்னது காதில் விழவில்லை. கிட்டே போனேன்.

"எடுத்தா இன்னா அர்த்தம் ஆவுது?" என்றார். "வெளிய வெச்சா, ஏன் வெளிய வெச்சேன்னு கேப்பாங்க. அப்ப அன்னிக்கு உள்ள வெச்சதாலதான் அவ செத்தான்னு ஆவுது. நான்தான் வெச்சேன். நான்தான் அவள இங்க படுக்க வெச்சேன். பஞ்சுகூட நான்தான் வெச்சேன்."

மெஷின் பக்கம் கையைக் காட்டினார்.

"வருஷா வருஷம் இங்கதான் ஓட்டறேன். யாருக்காவது ஒண்ணு ஆச்சா? ஆவலியே. அப்ப அது இல்லதானே சுமதி? நீ நர்ஸு, நீயே சொல்லு. அது இல்லதானே?"

செல்வியிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன், நடுவில் வந்த வருஷங்களில் தேர் அன்று மழை இல்லை. பின்வாசல் திறந்திருந்தது. அவ்வளவுதான் காரணம். தன் மேல் பழி இல்லை என்று காட்ட, வருஷத்துக்கு ஒருமுறை தெருப் பெண்களின் உயிரை வைத்து இந்த மனுஷன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிடக் கோபம் ஜாஸ்தியாக இருந்தது.

கம்பிக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒளிவட்டத்தோடு அக்கா.

"அது இல்லன்னா உள்ள போங்க மாமா. அக்கா படுத்த எடத்துல படுங்க. நான் ரெண்டு கதவையும் சாத்திக்கிறேன். தேர் போனதும் வந்து தொறக்கிறேன்."

மாமா என்னைப் பார்த்தார். அரிசி அறையைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கி நிலைப்படிக்கு அந்தப் பக்கம் வைத்தார். மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. வைத்த காலை மெல்ல எடுத்து இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருக்குத் தெரியும். எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை.

அவரே குனிந்து மெஷினை நிறுத்தினார். கமிட்டி ஆட்கள் இருவரைக் கூப்பிட்டுப் பின்கட்டைத் தாண்டி, காலி மனையின் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார். மேலே தார்ப்பாய் கட்டினார்கள். புகைக்குழாயை மனைப் பக்கம் திருப்பியதும் அவர்தான். தள்ளிக்கொண்டு போன ஆட்களில் ஒருவர் வயர் இழுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று முணுமுணுத்தார்.

"நல்லாதானே ஓடினு இருந்துது? ஏன் சார் இத்தினி தூரம்?"

மாமா மெஷினைத் தட்டிக் கொடுத்தார்.

"உள்ள காத்து பத்தல. அதுக்கு மூச்சு முட்டுது. கெட்டுப்போயிடும்."

"ஆமாமா, பாவம்" என்று அந்த ஆள் உடனே தலையாட்டினார். இன்னொருவரும் ஆமாம் என்றார். சமையல்கட்டு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாள்கூட, அப்பவே எடுத்திருக்கலாம் என்றாள்.

மெஷினுக்கு மூச்சு முட்டும் என்றதும் ஒருவர்கூட மறுபேச்சுப் பேசவில்லை. அக்காவுக்கு மூச்சு முட்டியது என்று நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.